சுங்கம் தவிர்த்தவர் பலர்: ஆரணிப் பட்டு வந்த வழி

ஆரணியின் நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். தெருவின் நீளத்திற்கு இழுத்துக் கட்டப்பட்ட பாவு. அதன் இருமருங்கும் நின்று அறுந்த இழைகளை முடிந்து, சிக்கலைப் பிரித்துச் சீர்செய்யும் ஆடவரும் பெண்டிரும். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும் என்ற விரைவு. நாம் கல்லூரிக்குப் புறப்படும் வேளையில் அப்பாவு சுருட்டப்பட்டு ஏதேனும் ஒரு வீட்டிற்குள் சென்று மறைந்திருக்கும். மூன்று சேலைகளுக்குரிய அந்தப் பாவு தறியில் ஏறி இறங்கும்வரை ஒரு குடும்பத்தின் அடுப்பு அதனை நம்பியே எரியும்.

இக்காட்சியை இவ்வூரின் அடையாளம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அப்பாவில் ஓடும் பட்டு பெரும்பாலும் இம்மண்ணில் விளைந்ததன்று. கருநாடகத்தின் இராமநகரம், சிட்லகட்டா, கொள்ளேகால் பகுதிகளிலிருந்து வருவது அது. சரிகை நெடுங்காலமாகச் சூரத்திலிருந்து வருவது. நெய்து முடித்த சேலையோ சென்னை, பெங்களூர், ஐதராபாத் எனப் பல ஊர்க் கடைகளுக்குச் செல்வது. ஆக, ஒரு சேலை மணப்பெண்ணின் தோளில் ஏறுமுன் அதன் உறுப்புகள் குறைந்தது மூன்று மாநில எல்லைகளைக் கடந்திருக்கும்.

நம் தெருவில் பட்டு வணிகம் செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர் முன்பொருமுறை நம்மிடம் சொன்னார்: "வாத்தியாரே, பட்டு கனமில்லாத சரக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. வழியில நின்னுடுச்சுன்னா அதைப்போலக் கனக்குற சரக்கு வேற கிடையாது." அவர் சொன்னதன் பொருள் நமக்குப் பின்னரே விளங்கிற்று. நெசவாளர்க்குக் கூலி சேலைக் கணக்கு, நாட்கணக்கு அன்று. பட்டு வாராத நாளில் தறி நிற்கும், தறி நின்றால் கூலி இல்லை. எல்லையில் ஒரு லாரி இரண்டு நாள் நின்றால் கணக்கேட்டில் அது தாமதம் எனப்படும். ஒண்ணுபுரத்திலோ தேவிகாபுரத்திலோ உள்ள ஒரு தறிவீட்டில் அதற்குப் பெயர் பசி.

இக்கட்டுரையில் நாம் பேச முற்படுவது அவ்வழியின் வரலாற்றையே. சாலைகள் போடப்பட்ட வரலாறு பலரும் எழுதியது. சாலையின் குறுக்கே நின்ற கைகள் எவை, அவை எவ்வாறு விலகின என்பது அவ்வளவாகப் பேசப்படாதது.

உல்கும் பெருவழியும்

சுங்கத்திற்குப் பழந்தமிழ்ப் பெயர் உல்கு. திருக்குறள் அரசனின் வருவாய்களுள் ஒன்றாக அதனை எண்ணுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்களுக்குப் புலி முத்திரை இட்டு உல்கு கொண்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. நம் வட்டாரத்திற்கு அணுக்கமான சான்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூலில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து செல்லும் பெருவழியும், அவ்வழியில் உல்கு கொள்ளப்படுவதும், வில்லேந்தியோர் அங்குக் காவல் நிற்பதும் பேசப்படுகின்றன. சரக்கு, சாலை, வரி, காவல் என்னும் நான்கும் அன்றே ஓரிடத்தில் கூடி நிற்பதை வாசகர்கள் கருத வேண்டும். வரி வாங்குபவன் வழிக்குக் காவலும் தருகிறான் என்பதே அவ்வரியின் நியாயம்.

இவ்வரிசையில் தனித்து நிற்பவன் முதலாம் குலோத்துங்கன். 1070இல் அரியணை ஏறிய அவனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று வரலாறு அறியும். பள்ளிப் பாடத்தில் அப்பெயரைக் கேட்டு மகிழாதார் இலர். ஆனால் அவன் தவிர்த்தது தன் ஆணை செல்லும் நிலத்தின் சுங்கத்தை மட்டுமே. மேலைச் சாளுக்கியனின் நிலத்தில் அவன் சொல் செல்லாது. அவன் மரபு நலிந்தபின், நம் ஆரணிக்கு அருகில் உள்ள படைவீட்டிலிருந்து சம்புவராயர்கள் ஆண்டு, அவர்க்குப் பின் விஜயநகர ஆட்சி வந்தபோது, கல்வெட்டுகளில் சுங்கம் மீண்டும் தாராளமாகவே தலைகாட்டுகிறது. ஓர் அரசன் விரும்பித் தந்ததை இன்னோர் அரசன் விரும்பித் திரும்ப எடுத்துக்கொண்டான்.

அரசர்கள் செய்ய இயலாத ஒன்றை அதே காலத்தில் வணிகர்கள் செய்தனர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் மூலம் இன்றைய கருநாடகத்தில் உள்ள ஐஹொளெ. ஆயினும் அவர்தம் கல்வெட்டுகள் கன்னட நாட்டிலும் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் ஈழத்திலும் கிடைக்கின்றன. சுமத்திராத் தீவின் பாருசு என்னும் ஊரில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அவர்களுடையதே. அது குலோத்துங்கனின் ஆட்சிக்காலம். சோழரும் சாளுக்கியரும் போரிட்டுக்கொண்டிருந்த நிலத்தின் ஊடாக அவர்களின் சாத்துகள் சென்றன. எறிவீரர் என்னும் சொந்தக் காவலரை அவர்கள் வைத்திருந்தனர். தம் பண்டங்களின் மீது தாமே ஒரு சிறு தொகை விதித்துக் கோயிலுக்கும் பொதுப்பணிக்கும் கொடுத்தனர். அதற்குப் பட்டணப்பகுடி என்று பெயர். பிரான்மலைக் கல்வெட்டு எந்தப் பண்டத்தின் எந்தச் சுமைக்கு எவ்வளவு என்று நீண்ட பட்டியலே தருகிறது.

இங்கு இருவகை வழக்கங்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று, ஒருவர் மனமிரங்கித் தருவது. மற்றொன்று, பலர் கூடி ஒரு விலை பேசி, அவரவர் பங்கை ஒப்புக்கொள்வது. முன்னது பாடலில் நிலைத்தது. சாலையில் நிலைத்தது பின்னதே.

ஐதரின் கிடங்கும் கும்பினியின் சாவடியும்

ஆரணி ஏன் ஒரு வழித்தட ஊர் என்பதற்குப் படைகளின் வரலாறு சான்று. 1751இல் ஆர்க்காட்டு முற்றுகைக்குப் பின் கிளைவ் போரிட்டு வென்ற இடம் ஆரணி. 1780இல் ஐதர் அலி செங்கம் கணவாய் வழியாகக் கருநாடகச் சமவெளியில் இறங்கினான். அவன் தன் படைக்குரிய தளவாடங்களையும் பண்டங்களையும் சேமித்து வைத்த முதன்மைக் கிடங்கு ஆரணிக் கோட்டை. அதனைக் கைப்பற்ற வேண்டியே 1782 ஜூன் 2 அன்று அயர் கூட் இங்கு வந்து போரிட்டான். கோட்டை அவனுக்குக் கிட்டவில்லை. மைசூர்ப் பீடபூமியையும் கீழைச் சமவெளியையும் இணைக்கும் வழியில் பண்டங்களை இருப்பு வைக்கத் தக்க ஊர் இது என்பதை ஐதர் நன்கு அறிந்திருந்தான். அவனுடைய அம்ருத் மஹால் மாடுகள் வந்த அதே திசையிலிருந்துதான் பிற்காலத்தில் பட்டும் வந்தது. அப்பட்டை மைசூருக்குக் கொண்டுவந்தவன் ஐதரின் மகன் திப்பு சுல்தான். வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வளர்ப்பை வரவழைத்து அவன் தன் நாட்டில் ஊன்றினான்.

போர்கள் ஓய்ந்தபின் வழி திறந்ததா என்றால், இல்லை. கும்பினியார் முந்தைய ஆட்சிகளின் உள்நாட்டுச் சுங்கத்தை, சாயர் என்னும் பெயரில், அப்படியே எடுத்துக்கொண்டனர். ஒரு பொதி துணி ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்திற்குச் செல்லவும் சாவடி, சீட்டு, சோதனை. 1834இல் வங்காளத்தின் உள்நாட்டுச் சுங்கம் பற்றி டிரெவெலியன் எழுதிய அறிக்கை இம்முறையின் கேட்டைக் கடுமையாக எடுத்துரைத்தது. 1836இல் வங்காளத்திலும், 1838இல் பம்பாயிலும், 1844இல் நம் சென்னை மாகாணத்திலும் இவை ஒழிக்கப்பட்டன. மைசூரில் ஆணையராக இருந்த மார்க் கப்பன் நூற்றுக்கணக்கான சில்லறை வரிகளை நீக்கிச் சாலைகளையும் கணவாய் வழிகளையும் அமைத்தார்.

அதே 1834ஆம் ஆண்டின் முதல் நாளில் ஜெர்மானிய நாடுகளில் வேறொன்று நிகழ்ந்தது. பிரஷ்யாவும் பல சிறு நாடுகளும் கூடிச் சுங்க ஒன்றியம் ஒன்றைத் தோற்றுவித்தன; தத்தம் எல்லைச் சாவடிகளை நீக்கி, புற எல்லையில் பொதுச் சுங்கம் தண்டி, அதனைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. அங்கே பல அரசுகள் பேசி ஒப்புக்கொண்டதை இங்கே ஒரே அதிகாரம் சட்டம் எழுதிச் செய்தது. ஒரே கை செய்ததால் அந்தக் கை விலகியபோது என்ன நேரும் என்பதை 1947க்குப் பிந்தைய ஆண்டுகள் நமக்குக் காட்டின.

ஊர்கள் நகரவில்லை, எல்லைகள் நகர்ந்தன

வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகரமாக 1911 வரை இருந்தது சித்தூர் என்பதை இன்றைய மாணவர்கள் வியப்போடு கேட்கின்றனர். ஆரணியில் வழக்குக்கும் வரிக்கும் அலைந்த நம் முன்னோர் சித்தூருக்கே நடந்தனர். 1911இல் அது தனி மாவட்டமாயிற்று; 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தோடு சென்றது. அதைப்போலவே கொள்ளேகால். சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்பின் உயிர்நிலையாக இருந்தது கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலச் சீரமைப்பின்போது அது மைசூர் மாநிலத்திற்குச் சென்றது. மொழிவழி மாநிலம் என்ற கோட்பாடு நியாயமானது. அதற்காகப் போராடியோர் நம் மதிப்பிற்குரியவர். ஆனால் அன்று இரவோடு இரவாக ஆரணித் தறியின் பட்டு அயல் மாநிலச் சரக்காயிற்று என்பதையும் வரலாறு பதிய வேண்டும்.

எல்லைக்கோடு மட்டும் மாறியிருந்தால் பெருங்கேடு இல்லை. அக்கோட்டின் மேல் ஏறி அமர ஒரு வரி முன்னரே காத்திருந்தது. 1939இல் இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றிற்று. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுசெய்ய வந்த அவ்வரி, இந்தியாவிலேயே முதலாவது பொது விற்பனை வரி. விடுதலைக்குப் பின் மாநிலங்களின் தலையாய வருவாயாக விற்பனை வரியே வளர்ந்தது. ஒரு மாநிலத்தில் விற்று இன்னொரு மாநிலத்தில் பெறப்படும் பொருளுக்கு யார் வரி விதிப்பது என்ற வழக்கு 1955இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அதன் விளைவாக 1956இல் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தமும் மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தன.

அரசியலமைப்பின் 301ஆம் உறுப்பு இந்திய நிலப்பரப்பு முழுவதும் வாணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடைபெறும் என்று உறுதி கூறுகிறது. ஏட்டில் உள்ள அவ்வுறுதிக்கும் ஓசூருக்கு அப்பால் நின்ற சாவடிக்கும் இடையே அரை நூற்றாண்டு இருந்தது.

படிவமும் உரிமமும்

மத்திய விற்பனை வரி என்பது பெயரளவில் மத்தியினுடையது. தண்டுவதும் வைத்துக்கொள்வதும் பொருள் புறப்படும் மாநிலம். வரிக்குரிய சாயமோ தறி உதிரியோ வெளிமாநிலத்திலிருந்து வாங்கும் ஆரணி வணிகர், தம் வரி அலுவலகத்தில் 'சி' படிவம் பெற்று விற்றவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் சலுகை வரி. இல்லையேல் முழு வரி. வரிவிலக்குப் பெற்ற சரக்காயினும் அதற்குரிய தாள்களைச் சாவடியில் காட்டியாக வேண்டும். பெருவணிகர்க்கு இதற்கென ஒரு கணக்கர் இருந்தார். இரண்டு தறி வைத்திருப்பவர்க்கு யார் இருந்தார்? அவர் உள்ளூர் முதலாளியிடமே பட்டு வாங்கி, அவரிடமே சேலையைக் கொடுத்தார். எல்லையைக் கடக்க வல்லவர் சிலரே என்ற நிலை, எல்லைக்கு இப்பால் இருப்போரை அச்சிலரின் கையில் கட்டிவைத்தது. நெசவாளரின் கடன் கணக்குகளை ஆராய்வோர் சாவடிகளின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

சரக்கின் கதை இவ்வாறாயின், அதைச் சுமந்த வண்டியின் கதை தனி. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநில உரிமம் மற்றொரு மாநிலத்தில் செல்லாது. அங்குள்ள அதிகாரி மேலொப்பம் இட வேண்டும். எத்தனை லாரிகளுக்கு மேலொப்பம், எந்த மாநிலத்தில் வரி என்பதை இரு மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஒப்பந்த எண்ணிக்கைக்குள் வாராத வண்டி, எல்லையில் சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்றும். பட்டுச் சிப்பத்திற்கு அது நனைதலும் கிழிதலும் களவும் நேரும் இடம்.

இவ்விடத்தில்தான் மாநிலங்களின் கூட்டுறவு சிறிது சிறிதாக வேலை செய்தது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டமே தென்மண்டலக் குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய வளர்ச்சிக் குழுவில் மாநிலங்கள் ஒன்றுகூடி, ஆலைத்துணி, சர்க்கரை, புகையிலை ஆகியவற்றின் மீதான விற்பனை வரியைக் கைவிட்டு, அதற்கு ஈடாக மத்திய அரசு தண்டும் கூடுதல் ஆயத்தீர்வையில் பங்கு பெற இசைந்தன. 1957இல் அது சட்டமாயிற்று. 1975இல் தேசிய உரிமத் திட்டம் வந்தது. அதிலும் செல்லவிருக்கும் மாநிலங்களைத் தெரிந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டியிருந்தது. 2010 மே மாதத்தில் அம்முறை மாறி, ஒரு லாரிக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்னும் ஒரே கட்டணத்தில் நாடு முழுவதும் செல்லலாம் என்றாயிற்று. அத்தொகை மாநிலங்களுக்குள் பங்கிடப்பட்டது. ஐந்நூற்றுவரின் பட்டணப்பகுடியை நினைவூட்டும் ஏற்பாடு இது: வழிநெடுகக் கொடுப்பதை ஓரிடத்தில் கொடுத்து, கொடுத்ததை ஒப்புக்கொண்ட விகிதத்தில் பகிர்வது.

வரியிலும் இதே நடை. மாநில நிதியமைச்சர்களின் குழு, மேற்கு வங்கத்தின் அசிம் தாஸ்குப்தா தலைமையில், மதிப்புக் கூட்டு வரியைப் பேசிப் பேசி உருவாக்கியது. பெரும்பாலான மாநிலங்கள் 2005இல் அதனை ஏற்றன. தமிழகம் தயங்கி, 2007 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. மத்திய விற்பனை வரி நான்கு விழுக்காட்டிலிருந்து 2007இல் மூன்றாகவும் 2008இல் இரண்டாகவும் குறைந்தது.

2016 செப்டம்பர்

இனி நாம் சொல்லவிருப்பது அண்மை வரலாறு. காவிரி நீரைப் பற்றி உச்சநீதிமன்றம் 2016 செப்டம்பரில் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து 12ஆம் நாள் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. இங்கும் கன்னடர்களின் உடைமைகள் சில தாக்கப்பட்டன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே வண்டிகள் நின்றன. 1991 டிசம்பரில் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி நிகழ்ந்த கொடுமையை நினைவில் வைத்திருந்தோர்க்கு அது இரண்டாம் முறை. ஆரணியில் அவ்வாரம் நாம் கேட்ட கேள்வி ஒன்றே: "பட்டு வந்துச்சா?" கன்னட விவசாயியும் தமிழ் விவசாயியும் நீருக்கு வாதிட, கன்னடப் புழு வளர்ப்பவரின் பட்டு அங்கே தேங்கியது, தமிழ் நெசவாளரின் தறி இங்கே நின்றது. இருவரும் எவ்வழக்கிலும் எதிர்க்கட்சியினர் அல்லர்.

அக்கலவரம் நடந்து பத்தாம் நாள், 2016 செப்டம்பர் 22, 23 ஆகிய நாட்களில், சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் முதற்கூட்டம் தில்லியில் கூடியது. எரிந்த லாரிகளின் புகை அடங்குமுன், அதே இரு மாநிலங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, தம் எல்லைச் சாவடிகள் எவ்வரிக்காக நின்றனவோ அவ்வரியையே கைவிடும் பேச்சில் இருந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் கூட்டுறவு என்னும் சொல்லின் பொருள் நமக்குப் பிடிபடுகிறது. ஒன்றில் பகைத்தவர் மற்றொன்றில் கூடியிருக்க முடிந்தது, கூடுவதற்கென ஓரிடமும் விதியும் இருந்தமையால்.

அவ்விதி எளியது. மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். மத்தியும் தனித்து முடிக்க இயலாது. மத்தியை விட்டு மாநிலங்களும் முடிக்க இயலா. தமிழகம் தன் நிதி உரிமை பறிபோகும் என்று இறுதிவரை வாதாடியது. 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அ.தி.மு.க. உறுப்பினர் வெளிநடப்புச் செய்தனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆகவேதான் ஐந்தாண்டுகளுக்கு இழப்பீடு என்ற உறுதி பெறப்பட்டது. ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சி என்ற கணக்கில் 2022 ஜூன் வரை அது நின்றது. மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல என்று 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் கூறியது. அப்படியும் மாநிலங்கள் மன்றத்தை விட்டு விலகவில்லை.

2017 ஜூலை 1 அன்று புதிய வரி வந்தது. அடுத்த சில நாட்களிலேயே இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தம் வணிகவரிச் சாவடிகளை எடுத்துவிட்டன. 'சி' படிவம் பெரும்பாலான சரக்குகளுக்கு மறைந்தது. சாவடிக்கு மாற்றாக வந்த மின்வழிச் சீட்டு 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கி, முதல் நாளே கணினி அமைப்பு முடங்கி, ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையில் நடைமுறைக்கு வந்தது. கொள்ளேகால் நம்மை விட்டுச் சென்ற 1956இலிருந்து எண்ணினால், அவ்வழி வரிச் சாவடியின்றித் திறக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தறிவீடு வரை

இதோடு கட்டுரையை முடித்தால் அது மெய்க்கீர்த்தி ஆகிவிடும், வரலாறு ஆகாது.

புதிய ஏற்பாட்டில் கச்சாப் பட்டுக்கு வரியில்லை. முறுக்கிய பட்டு நூலுக்கும் சேலைக்கும் ஐந்து விழுக்காடு என 2017இல் வைக்கப்பட்டது. அதற்கு முன் விற்பனை வரி காணாத கைத்தறிச் சேலைக்கு அது புதுச் சுமை. பத்தாயிரம் ரூபாய்ச் சேலைகள் ஆறு சேர்ந்த சிறு மூட்டை எல்லை கடந்தாலே ஐம்பதாயிரம் ரூபாய் வரம்பு தாண்டி, மின்வழிச் சீட்டு வேண்டும். சாவடி சாலையிலிருந்து எழுந்து கணினிக்குள் சென்று அமர்ந்தது என்று நம் நெசவாளர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. வணிகவரிச் சாவடிகள் போனபின்னும் போக்குவரத்துத் துறையின் சோதனைச் சாவடிகள் நின்றன. வழி திறந்ததால் கருநாடகப் பட்டு மட்டுமா விரைந்து வருகிறது? விசைத்தறிச் சேலையும் விரைந்தே வருகிறது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை நெசவைக் கைத்தறிக்கு ஒதுக்கியிருந்தும், கடைவீதியில் எது கைத்தறி, எது விசைத்தறி என்று வாங்குவோர் அறிவது அரிது. திறந்த சாலை யாருக்கும் பக்கம் சாயாது. அதில் வலியவன் முதலில் போகிறான். எளியவனுக்கு வண்டி வேண்டும்.

வண்டி என்றதும் இருப்புப்பாதை நினைவுக்கு வருகிறது. பழைய தென்னிந்திய இரயில்வே, விழுப்புரத்திலிருந்து காட்பாடி, பாகாலா வழியாகத் தர்மாவரம் வரை மீட்டர் பாதை இட்டிருந்தது. ஒரு கோடியில் தர்மாவரம் என்னும் ஆந்திரப் பட்டுநகரம். இடையில் நம் ஆரணி. ஆயின் 'ஆரணி ரோடு' நிலையம் இருப்பது களம்பூரில். பெயரில் மட்டுமே ஊரைச் சுமக்கும் நிலையங்களுள் அதுவும் ஒன்று. ஆரணியைத் தொட்டுச் செல்லும் திண்டிவனம்–நகரி பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. இரு மாநில நிலத்தில் ஓட வேண்டிய அப்பாதையில் இன்னும் வண்டி ஓடவில்லை. சென்னை–பெங்களூர் விரைவுச்சாலைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 262 கிலோமீட்டர் நீளமுள்ள அது கருநாடகம், ஆந்திரம், தமிழகம் மூன்றையும் ஊடுருவி, நமக்கு அணித்தேயுள்ள இராணிப்பேட்டை வழியாகச் செல்லும்.

மூன்று மாநிலங்களும் கூடிச் சாலை போடக் கற்றுக்கொண்டன. கூடி வரி விதிக்கவும் கற்றுக்கொண்டன. கூடிக் காவல் செய்ய மட்டும் இன்னும் கற்கவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் ஊரடங்கில் எல்லைகளில் லாரிகள் நின்றன. இன்றியமையாதவை, அல்லாதவை என்ற வேறுபாடின்றி எல்லாச் சரக்குகளையும் விடுக என்று மத்திய உள்துறை மார்ச் 29 அன்று மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது. காவிரிப் பூசல் மீண்டும் எழும் ஓர் ஆண்டில் அப்படியோர் ஏற்பாட்டை யார் செய்வது? எந்நிலையிலும் சரக்கு வண்டிக்குத் தீங்கில்லை, அதன் காவல் அவ்வெல்லைக்குட்பட்ட அரசின் பொறுப்பு, தீங்கு நேர்ந்தால் ஈடு அவ்வரசே தரும் என்று மூன்று அரசுகளும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது பெரிய செயலன்று. உல்கு வாங்கிய வழியில் வில்லேந்தியோரைக் காவல் நிறுத்திய காலத்தின் நியாயமே அது. தென்மண்டலக் குழு என்ற மேசையும் 1956 முதல் இருக்கிறது.

குலோத்துங்கனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஒருவர் தவிர்க்கும் சுங்கம் அவரோடு போய்விடும். பலர் கூடித் தவிர்த்ததோ, அவர்கள் தங்களுக்குள் வேறொன்றுக்காகப் பகைத்துக்கொள்ளும் நாளிலும் நிற்கக்கூடும். இதனைப் பேரேடுகளைக் காட்டிலும் தெளிவாகச் சொல்வது தெருவில் நீளும் பாவுதான். அதில் ஓரிழையை மட்டும் எவ்வளவு வலுவாக முறுக்கினாலும் துணி ஆகாது.

இவ்வழியே வரும் நண்பர்கள் ஒரு நாள் விடியலில் முள்ளிப்பட்டு வரை நடந்து பாருங்கள். பாவு தெருவில் இருந்தால், எங்கோ ஒரு லாரி நில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.